வெயிலை நாடி வந்தவர்கள்: லூமுட், பங்கோர் கரையின் வரலாறு

தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்னும் நான்கு நிலங்களுக்குத் தெய்வமும் பெயரும் கூறினார். பாலைக்கெனத் தனி நிலம் ஒன்றை வகுத்தாரில்லை. காடும் மலையும் கோடையின் வெம்மையால் இயல்பு திரிந்து நிற்கும் நிலையே பாலை என்பது பின்னர் இளங்கோவடிகள் தந்த விளக்கம். ஆகவே, தமிழ் மரபில் பாலை என்பது ஒரு நாடு அன்று. நிலத்துக்கு நேர்ந்த ஒரு துன்பம். வேனிலும் நண்பகலும் அதன் பொழுது. பிரிவு அதன் ஒழுக்கம். பொருள் தேடப் புறப்பட்டவன் வேறு வழியின்றி அதனைக் கடந்து போவான். வெயில் நன்றாக இருக்கிறது என்பதற்காக அங்கே சென்று தங்கியவன் சங்கப் பாடல்களில் இல்லை.

இவ்வாறிருக்க, கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் உலக மக்களுள் ஒரு பெரும்பகுதியினர் வெயிலுக்காகவே பயணம் போகத் தொடங்கியது வியப்புக்குரியது. 1869இல் தாமசு குக் என்னும் ஆங்கிலேயர் ஒரு பயணக் குழுவை எகிப்துக்கு அழைத்துச் சென்றார். பனிக்காலத்தில் ஞாயிற்றைக் காணாத ஐரோப்பியச் செல்வர்கள் நைல் ஆற்றங்கரையில் மூன்று நான்கு திங்கள் தங்குவது அதன்பின் வழக்கமாயிற்று. அல்சீரியா நாட்டில் சகாராப் பாலையின் விளிம்பில் உள்ள பிசுக்ரா என்னும் பேரீச்சஞ் சோலைக்கு 1888இல் இரயில் பாதை எட்டியது. அங்கும் குளிர்காலத்தில் வெளிநாட்டார் குவிந்தனர். நுரையீரல் நோயாளருக்கு வறண்ட காற்று நல்லது என்று அக்கால மருத்துவர் கருதியமை இதற்கு ஒரு காரணம். தோலில் தோன்றும் காசநோயை ஒளியைக் கொண்டு தீர்க்கும் முறையை ஆராய்ந்த தென்மார்க்கு நாட்டு மருத்துவர் ஃபின்சனுக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது. அதுவரை நிறம் கெடும் என்று வெயிலுக்கு மறைந்து வாழ்ந்த மேனாட்டார், வெயிலை மருந்தாகவும் பின்னர் இன்பமாகவும் கொண்டனர்.

ஆயினும் வெயில் மட்டும் எந்த ஊருக்கும் ஆளை வரவழைப்பதில்லை. இராசத்தானத்துத் தார்ப் பாலையில் உள்ள செய்சல்மேர் நகரை நோக்கினால் இது விளங்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மில்லி மீட்டர் மழை மட்டுமே பெய்யும் இடம் அது. 1156இல் இராவல் செய்சல் என்னும் அரசன் கட்டிய மஞ்சட் கற்கோட்டை, ஒட்டக வணிகர் செல்லும் வழியில் நின்றமையால் செழித்தது. பம்பாய்த் துறைமுகம் வளர்ந்தபோது அவ்வழி தளர்ந்தது. 1947இல் நாடு பிரிந்தபோது வழியே அடைபட்டது. பின்பு 1974இல் சத்யசித் ரே அக்கோட்டையைக் களமாக்கி எடுத்த வங்காளப் படம் வங்காளியரைக் கூட்டங் கூட்டமாக அங்கே ஈர்த்தது. மழையின்மை கல்லைக் காத்தது. வரலாறு கல்லுக்குப் பொருள் தந்தது. கதை ஆட்களைக் கொணர்ந்தது. மூன்றும் ஒருங்கு கூடினாலன்றி ஓர் ஊர் யாத்திரைக்குரிய ஊராவதில்லை.

பேராக் மாநிலத்தில் பாலைவனம் இல்லை என்று சொல்லவும் வேண்டுமோ! பச்சை இல்லாத ஒரு சாண் நிலத்தை இங்கே காண்பது அரிது. ஆனாலும் பேராக்குக்கு உள்ளேயே வெயிலுக்குப் பேர்போன ஒரு கரை உண்டு. ஈப்போவிலிருந்து தென்மேற்கே எண்பது கிலோ மீட்டர் அளவில், டிண்டிங் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த லூமுட் பட்டினமும், அதற்கு எதிரே கிடக்கும் பங்கோர்த் தீவும், அருகேயுள்ள சித்தியவான் நகரும் சேர்ந்த பகுதியே அது. தைப்பிங்கில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4,000 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. சித்தியவானிலோ 1,800 மில்லி மீட்டரை ஒட்டியே பெய்கிறது. அதாவது பாதிக்கும் குறைவு. இரண்டு ஊர்களும் ஒரே மாநிலத்தில், ஒரே கரையில், நூறு கிலோ மீட்டருக்குள் இருப்பவை. இன்று மழை எத்தனை மணிக்கு விழும் என்று பந்தயம் கட்டுவது தைப்பிங் முதியோரின் பொழுதுபோக்கு என்பர். லூமுட்டில் அத்தகைய பந்தயம் கட்டுவோர் நெடுநேரம் காத்திருக்க நேரிடும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. சென்னையில் ஆண்டு மழை 1,400 மில்லி மீட்டர் அளவினது. திருச்சிராப்பள்ளியில் அதனினும் மிகக் குறைவு. ஆகலின் பேராக்கின் வறண்ட கரை என்பது தமிழகத்தின் பல ஊர்களைக் காட்டிலும் ஈரமான கரை. வறட்சி, செழிப்பு என்பன பக்கத்து ஊரோடு ஒப்பிட்டுப் பேசும் சொற்களே.

இவ்வேறுபாடு எதனால் வந்தது? மலாயாத் தீபகற்பத்துக்கு இரண்டு பருவக் காற்றுகள் உண்டு. மே இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குக் காற்று. தென்மேற்கிலிருந்து வரும் காற்று இந்தியப் பெருங்கடலின் நீராவியைச் சுமந்து வந்தாலும், வழியில் சுமத்திராத் தீவின் நெடுமலைத் தொடர் குறுக்கே நிற்கிறது. அத்தொடரின் உயர்ந்த சிகரமான கெரிஞ்சி 3,805 மீட்டர் உயரமுடையது. மலைமீது ஏறும் காற்று குளிர்கிறது; குளிர்ந்த காற்றால் நீராவியைத் தாங்க இயலாது; ஆதலால் அது மழையாகி அங்கேயே கொட்டிவிடுகிறது. மறுபுறம் இறங்கும் காற்று மீண்டும் சூடேறி உலர்ந்து வருகிறது. வடகிழக்குக் காற்றுக்கோ தீபகற்பத்தின் முதுகெலும்பாகிய தித்திவங்சா மலைத்தொடர் தடையாகிறது. கிளந்தானும் திரங்கானுவும் வெள்ளத்தில் மிதக்கும் திங்கள்களில் லூமுட் நனையாமல் இருப்பது இதனால்தான். இரண்டு மதில்களுக்கு நடுவே கட்டிய வீட்டு முற்றம் போன்றது இக்கரை.

அப்படியாயின், அதே மதில்களுக்கு நடுவே உள்ள தைப்பிங்கில் மட்டும் மழை கொட்டுவானேன் என்று மாணவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. தைப்பிங் பட்டினத்தின் முதுகுப்புறத்திலேயே, முன்னர் மேக்சுவெல் மலை எனப்பட்ட லாருட் மலை செங்குத்தாக எழுகிறது. நாள்தோறும் நண்பகலில் தரை சூடேறிக் காற்று மேலெழ, கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வீசும். அவ்வீரக் காற்று தட்டையான லூமுட் நிலத்தைத் தடையின்றிக் கடந்து போய்விடும். தைப்பிங்கிலோ மலை அதனைத் தடுத்து மேலே தள்ளும். பிற்பகலில் லூமுட் கரையில் நிற்பவர் தலைக்கு மேலே நீல வானத்தையும், உள்நாட்டு மலைகளின் மேலே கருமுகிலையும் ஒருங்கே காணும் காட்சி இதன் பயனே.

லூமுட்டில் மழை மிகுவது அக்டோபர், நவம்பர் திங்கள்களில்; ஏப்ரல், மே திங்கள்களில் மற்றொரு சிறு மழைக்காலம் உண்டு. சூன், சூலையிலும் பிப்ரவரியை ஒட்டியும் மழை குறையும். இவற்றோடு, 'சுமத்திரா' என்றே பெயர் பெற்ற திடீர்ப் புயல் ஒன்றும் உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் இரவின் கடையாமத்திலோ விடியலிலோ, மலாக்கா நீரிணையின் மேலே கரிய வரிசையாக எழுந்து வரும். ஓரிரு மணி நேரம் அடித்து ஓய்ந்ததும் வானம் கழுவிவிட்டாற்போல் தெளிந்துவிடும். மீனவர் அதற்கு அஞ்சுவர். விடுமுறைக்கு வந்தோர் அதனை அறியாமலே உறங்கி எழுவர்.

இவ்வெயிலை முதலில் பயன்கொண்டவர் விருந்தினர் அல்லர், மீனவரே. பங்கோரின் கீழ்க்கரைச் சிற்றூர்களில் நெத்திலியை அவித்துப் பரப்பி உலர்த்துவது நெடுநாளையத் தொழில். உலர்த்தும் களத்துக்கு இடைவிடாத வெயில் வேண்டும். ஒருநாள் மழை ஒரு களத்து மீனைக் கெடுத்துவிடும். மலேசியத் தமிழர் வீடுகளில் சம்பலுக்கும் குழம்புக்கும் இடும் நெத்திலிக்குப் பங்கோரின் பெயர் ஒரு தனி மதிப்பைத் தருவதன் அடிப்படை சுமத்திரா மலையின் நிழலிலே இருக்கிறது என்பதை உண்போர் நினைப்பதில்லை.

இனி, இக்கரையின் வரலாற்றைப் பார்க்கலாம். லூமுட் என்பது மலாய் மொழியில் பாசியைக் குறிக்கும் சொல். டிண்டிங் என்றால் சுவர். பங்கோர்த் தீவு ஆற்று முகத்துக்கு முன்னே சுவர்போல் நின்று அலையைத் தடுப்பதால் அப்பெயர் வந்தது என்பர். பதினேழாம் நூற்றாண்டுக் கடலோடிகள் தீவையே டிண்டிங் தீவு என்றுதான் குறித்தனர்.

தமிழாசிரியர் பலரும் இக்கரையைப் பற்றிப் பேசும்போது கங்கா நகரத்தையே முதலில் எடுப்பர். இராசேந்திர சோழன் கடற்படையோடு வந்து வென்ற நகரம் அது என்று பள்ளி விழா மேடைகளில் கேட்பது வழக்கம். இதனைச் சற்று ஆராய்ந்து கொள்வது நலம். கங்கா நகரம் என்னும் பெயர் 'செசாரா மெலாயு' எனும் மலாய் அரச வரலாற்றில் வருகிறது. தென்னாட்டிலிருந்து படையெடுத்து வந்த ஒரு மன்னன், டிண்டிங் பகுதியில் குன்றின்மேல் கோட்டை கட்டியிருந்த கங்கா நகரத்து அரசனை வென்றான் என்பது அதன் செய்தி. அம்மன்னனின் பெயரைச் சூரன் என்றும் சூலன் என்றும் ஏடுகள் மாற்றி மாற்றிச் சொல்லும். 'சூலன்' என்பதில் 'சோழன்' ஒலிப்பதாகக் கொண்டு, இது 1025ஆம் ஆண்டு நிகழ்ந்த இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பின் நினைவே என்று கருதினோர் உளர்.

ஆயின் இராசேந்திரனின் சொந்தச் சான்று யாது சொல்கிறது? தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் உள்ள அவன் கல்வெட்டு, அவன் படை வென்ற இடங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சுட்டி வரிசைப்படுத்துகிறது. சிறீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மானக்கவாரம், கடாரம் ஆகியவை அவை. இப்பட்டியலில் கங்கா நகரம் இல்லை. மலாய் ஏடோ பதினேழாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டது. படையெடுப்புக்கும் ஏட்டுக்கும் இடையே ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள். கங்கைகொண்டான் என்னும் பட்டத்திலும் கங்கை இருக்கிறது, கங்கா நகரத்திலும் கங்கை இருக்கிறது என்பது ஒரு சான்றாகாது. சோழன் இக்கரைக்கு வரவேயில்லை என்று மறுப்பதற்கும் இடமில்லை. வந்தான் என்று கல்லில் எழுதியதுபோல் கூறுவதற்கும் இடமில்லை. மெய்க்கீர்த்தியே கையில் இருக்கும்போது, அதில் இல்லாததை அதன்மேல் ஏற்றுவது இராசேந்திரனுக்குப் பெருமை சேர்ப்பதாகாது.

இந்தியத் தொடர்பு பேராக்கில் பழையது என்பதற்கு வேறு சான்றுகள் உண்டு. 1936இல் பீடோர் ஈயச் சுரங்கத்தில் எட்டுக் கைகளையுடைய அவலோகிதேசுவரர் வெண்கலப் படிமம் ஒன்று கிடைத்தது. லூமுட்டுக்கு வடக்கே உள்ள புருவாசு, பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோமே பீரெசு என்னும் போர்த்துக்கேயர் எழுதிய நூலில் ஈயம் விளையும் இடங்களுள் ஒன்றாகக் குறிக்கப்பெற்றது. அங்கு ஆச்சே நாட்டு முறையில் செதுக்கிய பழைய கல்லறைக் கற்கள் உள்ளன. புருவாசு அருங்காட்சியகம் இவற்றின் பொருட்டே காணத்தக்கது.

ஈயந்தான் அடுத்து வந்த விருந்தினரையும் அழைத்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினியார் பேராக்கின் ஈயம் முழுவதும் தமக்கே விற்கப்பட வேண்டும் என்று உடன்படிக்கை செய்துகொண்டனர். அதுவரை அவ்வீயத்தைத் துணிக்கு மாற்றாக வாங்கிச் சென்றவர்களுள் சோழமண்டலக் கரையின் முசுலிம் வணிகர், அஃதாவது சூலியர் எனப்பட்ட தமிழ் வணிகரும் இருந்தனர். நாகப்பட்டினத்துத் துணியும் பேராக் ஈயமும் கைமாறிய அவ்வணிகத்தை அடைப்பதே ஒல்லாந்தரின் நோக்கம். 1651இல் பேராக்கில் இருந்த அவர்களின் பண்டசாலை தாக்கப்பட்டு ஆட்கள் கொல்லப்பட்டனர். பின்னர் ஆற்று முகத்தைக் காவல் செய்யப் பங்கோரின் தெலுக் கெடோங் என்னும் இடத்தில் 1670இல் மரத்தாலும், 1680இல் செங்கல்லாலும் ஒரு கோட்டை எழுந்தது.

அக்கோட்டை எப்படி இருந்தது என்பதை அறிய ஓர் அரிய சாட்சி உண்டு. வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி 1689ஐ ஒட்டி அங்கே சென்றார். தாம் கண்டதை 1699இல் வெளிவந்த நூலில் எழுதினார். அவர் கண்டது பெருங்கோட்டை அன்று. மூலைக் கொத்தளங்கள் இல்லாத, சதுரமான, தடித்த சுவருடைய ஒரு வீடு. அதனுள் சில பீரங்கிகளும் இருபது முப்பது வீரர்களும். கோட்டைத் தலைவர் தம் விருந்தினரைக் கோட்டைக்கு வெளியே இருந்த தம் இல்லத்தில் உணவுக்கு அமர்த்தினார். பரிமாறியதும் வீரன் ஒருவன் மலாய்க்காரர் வருகின்றனர் என்று கூவ, தலைவர் ஒரு சொல்லும் சொல்லாமல் சாளரத்தின் வழியே குதித்துக் கோட்டைக்குள் ஓடினாராம். அவரைப் பின்பற்றி மற்றவரும் ஓடினர். பேராக்கின் ஈயத்துக்குத் தாமே தலைவர் என்று எழுத்தில் உரிமை கொண்டாடியவர், ஒருவேளைச் சோற்றை அமைதியாக உண்ண முடியாமல் வாழ்ந்தார் என்பது இதனால் தெரிகிறது. அவர் அஞ்சியது வீண்போகவில்லை. 1690இல் பங்லிமா கூலுப் என்பவர் தலைமையில் உள்ளூரார் கோட்டையைத் தாக்கி அழித்தனர். 1743இல் ஒல்லாந்தர் மீண்டும் வந்து அறுபது வீரரை நிறுத்தினர். ஐந்து ஆண்டுகளில் அதனையும் கைவிட்டனர். 1973இல் அருங்காட்சியகத் துறை செப்பனிட்ட சுவர்களே இன்று காணப்படுபவை.

கோட்டைக்கு அருகே ஒரு பெரும்பாறை. அதில் 1743 என்னும் ஆண்டும், கும்பினியின் முத்திரையாகிய வி.ஓ.சி. என்னும் மூன்று எழுத்துகளும், ஒரு குழந்தையைப் புலி பற்றுவது போன்ற உருவமும் செதுக்கப்பட்டுள்ளன. அம்மூன்று எழுத்தைக் கண்ட தமிழர் ஒரு நொடி திகைப்பது இயல்பு. ஆங்கிலக் கும்பினிக்கு எதிராக 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்ட தூத்துக்குடி வ.உ.சிதம்பரனாரின் தலைப்பெழுத்தும் அதுவே அன்றோ! தூத்துக்குடியும் 1658 முதல் இதே ஒல்லாந்தக் கும்பினியின் கையில் இருந்த ஊர் என்பது இத்தற்செயல் ஒற்றுமைக்கு மேலும் சுவையூட்டுகிறது.

பாறையின் கதை இருவகையாக வழங்குகிறது. ஒல்லாந்த அதிகாரியின் குழந்தையைப் புலி கவர்ந்தது, அதன் நினைவாகப் பெற்றோர் செதுக்கினர் என்பது ஒன்று. ஒல்லாந்தரின் கொடுமைக்குப் பழியாக உள்ளூரார் குழந்தையைக் கவர்ந்தனர், அதனை மறைக்கவே புலியின் மேல் பழி போடப்பட்டது என்பது மற்றொன்று. முதற் கதையில் மனிதர் குற்றமற்றவர். இரண்டாவதில் புலி குற்றமற்றது. ஈயத்தை ஒருவருக்கே விற்க வேண்டும் என்னும் கட்டளையின் கீழ் வாழ்ந்த மக்களின் மனம் இரண்டாம் கதையிலேதான் பதிந்திருக்கிறது.

அடுத்து வந்தவர் ஆங்கிலேயர். 1826இல் பேராக் சுல்தான் பங்கோரையும் அதனைச் சூழ்ந்த தீவுகளையும் கடற்கொள்ளையரை ஒடுக்கும் பொருட்டு அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். ஆயினும் ஐம்பது ஆண்டுகள் வரை அவர்கள் அங்கே பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. 1874 சனவரி 20ஆம் நாள் கையெழுத்தான பங்கோர் ஒப்பந்தமே இக்கரையின் பெயரை வரலாற்றில் நிறுத்தியது. பங்கோர் ஒப்பந்தம் எனப்பட்டாலும் அது தீவின் மண்ணில் கையெழுத்தாகவில்லை. கரைக்கு அப்பால் நங்கூரமிட்ட புளூட்டோ என்னும் கப்பலில் கையெழுத்தாயிற்று. ஆளுநர் சர் ஆண்டுரு கிளார்க்கு கூட்டிய அக்கூட்டத்தில் ராசா அப்துல்லா சுல்தானாக ஏற்கப்பட்டார். அப்போது அரியணையில் இருந்த சுல்தான் இசுமாயில் அங்கே வரவில்லை. சமயமும் மலாய் வழக்கமும் நீங்கலாக மற்றெல்லாவற்றிலும் ஆங்கில ரெசிடெண்டின் அறிவுரையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் உயிர்நாடி. ஆனால் ஆங்கிலப் படியில் கட்டளையாக ஒலித்தது, மலாய்ப் படியில் கலந்து பேசுதல் என்ற அளவிலேயே ஒலித்தது என்பர் ஆய்ந்தோர். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் நெகிழ்ந்ததன் விலையை இரு தரத்தாரும் கொடுத்தனர். முதல் ரெசிடெண்டு பர்ச்சு 1875 நவம்பர் 2இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அப்துல்லா 1877இல் செய்செல்சுத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். மொழிபெயர்ப்புப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு இதனினும் வலிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அதே ஒப்பந்தத்தால் டிண்டிங்சு என்னும் இப்பகுதியின் எல்லை விரிவாக்கப்பட்டு, சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவோடு நீரிணைக் குடியேற்றத்தின் ஓர் உறுப்பாயிற்று. லூமுட்டில் நேரடி ஆங்கில ஆட்சி. சில மைல் தள்ளிப் போனால் சுல்தானின் பேராக். இந்த இரட்டை நிலை அறுபது ஆண்டு நீடித்தது. தொடக்கத்தில் அமைதியும் இல்லை. 1878இல் டிண்டிங்சின் மேலதிகாரி காப்டன் லாய்டு பங்கோரில் தம் இல்லத்திலேயே கொலையுண்டார். அடுத்த ஆண்டு அவ்வழியே வந்த இசபெல்லா பேர்டு என்னும் பயண எழுத்தாளர் அக்கதையைக் கேட்டு, 1883இல் வெளிவந்த தம் மலாயா நூலில் எழுதினார். தீவின் அழகும் அதன்மேல் படிந்த கொலையின் நிழலும் ஒருசேர அவர் எழுத்தில் உள்ளன. பங்கோரைக் காண்பதற்கென்றே வந்து எழுதிய முதல் விருந்தினர் அவர் எனக் கூறாவிடினும், இலண்டன் வாசகருக்கு அக்கரையின் பெயரை எட்டச் செய்தவருள் அவர் ஒருவர்.

இயற்கைத் துறைமுகமாகிய லூமுட் பெரும் பட்டினமாகும் என்று ஆங்கிலேயர் எதிர்பார்த்தது நடக்கவில்லை. ஈயத்தை ஏற்ற இரயில் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட்டு வெல்டுக்குப் போயிற்று. பின்னர்க் கிந்தாப் பள்ளத்தாக்கின் சரக்கு தெலுக் ஆன்சனுக்குப் போயிற்று. லூமுட் ஒதுங்கியே கிடந்தது. 1935இல் டிண்டிங்சைப் பேராக்குக்கே திருப்பித் தந்துவிட்டனர். துறைமுகமாகாமல் போனதே அதன் கடற்கரைகளைக் காத்தது எனலாம். மேலும், அக்காலத்து ஆங்கில அதிகாரிகள் ஓய்வுக்கு மலைமேல் ஏறினரேயன்றி வெயிலை நாடிக் கடற்கரைக்குப் பெருந்திரளாக வந்தாரில்லை. வெயிலை இன்பமாகக் கருதும் மேனாட்டுப் புதுவழக்கம் இங்கே வந்து சேர நாள் பிடித்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945 மே திங்களில், காட்டில் மூன்றாண்டுக்கு மேல் ஒளிந்திருந்த இசுபென்சர் சாப்மன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி பங்கோர் லாவுட் தீவின் கரையிலிருந்துதான் நீர்மூழ்கிக் கப்பலில் தப்பினார். இன்று பெருஞ்செல்வர் தங்கும் அக்கரைக்கு, அன்று ஆளரவம் இல்லாமையே பெருஞ்சிறப்பு.

ஒப்பந்தத்தின் மற்றொரு விளைவு தமிழருக்கு நேரே உரியது. ரெசிடெண்டு ஆட்சி வந்ததால் சாலையும் இரயிலும் வந்தன. 1877இல் இயூ லோ கோலக் கங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகள் அடுத்த முப்பது ஆண்டுகளில் தோட்டங்களாகப் பெருகின. கங்காணிகள் தமிழகத்துச் சிற்றூர்களுக்குப் போய் ஆள் சேர்த்து வந்தனர். புளூட்டோ கப்பலில் கையெழுத்திட்டோர் எவர் மனத்திலும் திருச்சி, சேலம், தஞ்சை மாவட்டத்து உழவன் இருந்திருக்க மாட்டான்; ஆயினும் அவன் பேராக்கின் பால்மரத்தடிக்கு வந்து சேர்ந்த வழி அக்கப்பலில் தொடங்கியது. சித்தியவான், ஆயர் தாவார், பந்தாய் ரெமிசு வட்டாரத் தோட்டங்களில் அவர்களின் லயங்கள் எழுந்தன.

வெயில் அவர்களுக்கு விருந்து அன்று. பால் வெட்டுவோர் விடியுமுன் மரத்தடிக்குப் போவதே வெயில் ஏறினால் பால் உறைந்து வடிவது நின்றுவிடும் என்பதனால்தான். மழை பெய்தாலும் வேலையில்லை. வேலையில்லையேல் அன்றைக் கூலியும் இல்லை. ஆகையால் மழை குறைந்த இவ்வட்டாரம் தோட்டத்தாருக்கு ஒருவகையில் நன்மையே. கடலையோ, கப்பலில் கடந்து வந்த ஒரு பெரும்பரப்பாகவே பலர் அறிந்திருந்தனர். அக்கடலை மீண்டும் விரும்பிச் சென்று காணும்படி செய்தது ஒரு திருவிழா.

பங்கோரில் சுங்கை பினாங்கு கெச்சிலில் உள்ள பத்ரகாளியம்மன் கோயிலில் மாசிமகம் சிறப்பாக நடைபெறுகிறது. பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ வரும் அம்முழுமதி நாளில் தேர் மேற்கரையாகிய பாசிர் போகாக்கை நோக்கிப் போகும். பல ஊர்த் தமிழர் லூமுட் படகுத்துறையில் வரிசையில் நின்று தீவுக்குக் கடந்து செல்வர். தமிழகத்தில் மாசிமகக் கடலாட்டு கீழ்க்கடலில் நிகழ்வது. இங்கே அது மேற்குக் கரைக்கு மாறிற்று. மழை தணிந்திருக்கும் பருவமும் திருவிழாவும் ஒன்றாக வந்து அமைந்தது நற்பேறே. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்களை விட்டு மக்கள் பட்டினங்களுக்குச் சிதறிய பின், ஒரே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தோர் மீண்டும் முகம் பார்த்துக்கொள்ளும் இடம் அத்தகைய திருவிழாக்களே ஆயின. விடுதிக் கணக்கில் இவர்கள் எண்ணப்படுவதில்லை. பலர் அன்றே வந்து அன்றே திரும்புவோர். ஆனாலும் இக்கரையை நாடி வந்தோரின் வரலாற்றில் இவர்களை விடுத்து ஒல்லாந்தரையும் ஆங்கிலேயரையும் மட்டும் எழுதினால் அது அரை வரலாறே.

1970களின் பிற்பகுதி முதல் சிங்கப்பூரின் உட்லண்ட்சிலிருந்து மலேசியக் கடற்படையின் தலைமைத் தளம் லூமுட்டுக்கு மாறியது. சாலைகள் அகன்றன. 2020 சனவரி முதல் நாளிலிருந்து பங்கோர் சுங்கவரி இல்லாத் தீவாயிற்று. வருவோரின் எண்ணிக்கையைப் பெருக்குவதே இவ்வறிவிப்பின் நோக்கம். இவ்விடத்தில் மீண்டும் செய்சல்மேரை நினைக்க வேண்டியுள்ளது. எட்டு நூற்றாண்டு வறட்சியில் நிலைத்து நின்ற அக்கோட்டை, விருந்தினருக்காகக் குழாய் வழியே ஏற்றிய நீர் அடித்தளத்துக் களிமண்ணில் கசிந்ததால் தளர்ந்தது; உலக நினைவுச்சின்ன நிதியம் 1996இல் அதனை இடருற்ற சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. பங்கோர் சிறு தீவு. அதன் காட்டையும் நீரையும் களத்தில் உலரும் நெத்திலியையும் எத்தனை விடுதிகள் தாங்கும் என்பது இன்னும் அங்கே பேசி முடியாத வழக்கு.

மாணவரை அழைத்துச் செல்ல எண்ணும் ஆசிரியர் அக்டோபர், நவம்பரைத் தவிர்ப்பது நன்று. கோட்டையும் பாறையும் தீவின் கீழ்ப்புறத்தில் இருப்பதால் காலை வெயிலில் அவற்றைப் பார்த்துவிடலாம். சாய்ந்து விழும் இளவெயிலில் செதுக்கிய கோடுகள் தெளிவாகத் தெரியும். பிற்பகலில் மேற்கரைக்குப் போனால் ஓர் இலக்கணப் பாடமும் காத்திருக்கிறது. நெய்தலுக்கு உரிய சிறுபொழுது எற்பாடு என்றார் தொல்காப்பியர். அச்சொல்லுக்கு ஞாயிறு படும் பொழுது என்று பொருள் கொண்டோரும் உண்டு. கீழ்க்கடற்கரையில் ஞாயிறு கடலிலிருந்து எழுவதைக் கண்டு, எழும் பொழுது என்று கொண்டோரும் உண்டு. நாகப்பட்டினத்துக் கரையில் நின்றால் இரண்டாம் உரைக்கு இடமுண்டு. பாசிர் போகாக்கில் மாலை ஏழரை மணிக்கு நிற்கும் மாணவனுக்கு முதல் உரை ஒன்றே கண்முன் நிகழும். கடைசிப் படகுக்கு நேரம் பார்த்துக்கொள்வது மட்டும் ஆசிரியர் பொறுப்பு.